5,000 ரூபாய்க்கு எந்தக் கல்லில் தொடங்குவது?

போன தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, என் தம்பி மகள் கையில் 5,000 ரூபாயை வைத்து, "உனக்குன்னு ஏதாவது வாங்கிக்கம்மா" என்றார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். துணிமணி வாங்குவாள் என்று வீட்டில் நினைத்தார்கள். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மும்பை முலுண்டில் ரயில் ஏறி, மாட்டுங்காவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அத்தை, எனக்கும் உங்கள மாதிரி கல் சேர்க்கணும். எதுல ஆரம்பிக்கட்டும்?"

போன் நிறையப் படங்கள் வைத்திருந்தாள். ஊதா நிற அமெதிஸ்ட், வானவில் மினுக்கும் குவார்ட்ஸ், மொராக்கோவின் சிவப்பு வனடினைட், தங்கம்போல் ஜொலிக்கும் பைரைட், புனேயின் நீலக் காவன்சைட். எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் படிகம் சேர்க்கத் தொடங்கும் எல்லோரும் நிறத்தைப் பார்த்துத்தான் முதல் பணத்தைச் செலவழிக்கிறோம். நானும் அப்படித்தான் செலவழித்தேன். பதினைந்து வருடம் கழித்து இன்று என் அலமாரியில் எது மிஞ்சியிருக்கிறது, எதை நான் தினமும் எடுத்துப் பார்க்கிறேன் என்று யோசித்தால், வேறு இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று படுகிறது. இந்தக் கல் எந்த ஊர்? நம் வீட்டுக் காற்றில் இது பிழைக்குமா? இந்த இரண்டையும் வைத்துத்தான் அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சுலபமாகக் கழிக்கக் கூடியதை முதலில் கழித்துவிட்டோம். வானவில் குவார்ட்ஸ் அப்படி ஒன்று. உள்ளே இருப்பது நிஜ குவார்ட்ஸ்தான். அதன் மேல் டைட்டானியம் போன்ற உலோகத்தை ஆவியாக்கி, காற்றில்லாத அறையில் மெல்லிய பூச்சாகப் படிய விட்டிருப்பார்கள். நிறம் மலை கொடுத்ததல்ல, பட்டறை கொடுத்தது. கண்ணைப் பறிக்கும் ரோஸ், நீல அகேட் துண்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான். அகேட்டில் நுண்ணிய துளைகள் உண்டு, சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆரஞ்சு மஞ்சளில் விற்கும் சிட்ரின் கொத்துகளில் பெரும்பாலானவை சூடுபடுத்திய அமெதிஸ்ட். நுனியில் மஞ்சள் கொட்டிக் கிடக்கும், அடியில் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். அதுதான் அடையாளம். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மேசை மேல் வைக்க வாங்கினால் தப்பில்லை, விற்பவர் சாயம் என்று சொல்லி விற்றால் சரி. அஜந்தா போயிருந்தபோது வழியில் ஒருவரிடம், பிளந்த உருண்டைக் கல் ஒன்றை, உள்ளே முழுக்க ரோஸ் நிறப் படிகம் என்று நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவியதும் பஞ்சு ரோஸ் ஆகிவிட்டது. பணம் போனதைவிட, சாயம் போடுவதற்கு முன் அந்தக் கல் எப்படி இருந்திருக்கும் என்று தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்தது வீட்டிலேயே வளர்ப்பது. இதை நான் தள்ள மாட்டேன். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கொஞ்சம் வாங்கி, வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, ஆறியபின் அடியில் விழும் சின்னத் துணுக்கு ஒன்றை நூலில் கட்டி மறுபடி அதே கரைசலில் தொங்கவிட்டால், சில நாளில் எட்டு முகம் கொண்ட படிகம் கண் முன்னால் வளரும். செலவு நூறு ரூபாய் ஆகாது. ஒரு கல் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பது படித்துப் புரிவதைவிட இதில் நன்றாகப் புரியும். மயில்துத்தத்திலும் செய்யலாம், நீலம் அபாரமாக வரும். ஆனால் அது விஷம். சமையல் பாத்திரம் பக்கமே போகக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும். இப்படி வளர்த்ததையே இயற்கைக் கனிமம் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. வளர்ப்பது பாடம். சேகரிப்பு வேறு. அவள் இதற்குத் தலையாட்டி, படிகாரம் மட்டும் வாங்குவதாகச் சொன்னாள்.

வெளிநாட்டுக் கற்களில்தான் எங்களுக்குள் வாதம் நீண்டது. நிறம் என்று பார்த்தால் அந்தப் பக்கம்தான் கை ஓங்கியிருக்கிறது. மிப்லாதென் சுரங்கத்து வனடினைட்டின் சிவப்புக்கு நிகராக நம் பக்கம் ஒன்றுமில்லை. ஆனால் அது ஈயம் கலந்த கனிமம். கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கலாம், எடுத்தால் கை கழுவ வேண்டும், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். தம்பிக்கு இரண்டாவது குழந்தைக்கு இப்போதுதான் மூன்று வயது, அதனால் அதை அங்கேயே விட்டோம். ஃப்ளோரைட் பச்சையும் ஊதாவுமாக ஆசை காட்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் வெறும் 4. நான்கு திசையில் சுத்தமாகப் பிளக்கும் கல், திடீர்ச் சூடு பட்டாலே விரிசல் விடும். அமெதிஸ்ட் கடினம் 7, தைரியமாகக் கையாளலாம், ஜன்னல் வெயிலில் மட்டும் வைக்காமல் இருந்தால் போதும். வெயிலில் அதன் ஊதா வெளுத்துவிடும்.

பைரைட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மும்பைக்காரர்கள் அதிகம் அழுவது இதில்தான். என்னிடம் பெரு நாட்டுப் பைரைட் ஒன்று இருந்தது. பெரிய ஒற்றைக் கட்டி அல்ல, பொடிப் படிகங்கள் கூட்டமாகச் சேர்ந்த துண்டு. அட்டைப் பெட்டியில், அடியில் பெயர்ச்சீட்டை மடித்து வைத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். மூன்றாவது ஜூலையில் அலமாரியைத் திறந்ததும் வெடித்து முடிந்த பட்டாசு மாதிரி ஒரு நெடி. பெட்டியைத் திறந்தால் தங்க நிறத்தின் மேல் வெள்ளையும் இளமஞ்சளுமாகப் பொடி பூத்திருந்தது. கல்லைத் தூக்கினேன், ஒரு மூலை விரலோடு வந்துவிட்டது. அடியில் இருந்த சீட்டு பழுப்பேறி, மடிப்பில் தொட்டதும் பொரித்த அப்பளம்போல் உடைந்தது. எழுத்து பாதிதான் மிச்சம். நடந்தது இதுதான்: பைரைட் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரக்காற்றில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும்போது கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம்தான் காகிதத்தைத் தின்றது. ஒரு முறை தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஸ்பெயினில் நவஹூன் ஊரிலிருந்து வரும் பெரிய கனசதுரங்கள் இதைவிடக் கெட்டியானவை. ஆனாலும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் ஊரில், ஈரம் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் மாதா மாதம் கவனிப்பும் இல்லாமல் பைரைட் வைத்துக்கொள்வது சரிப்படாது. தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, வாங்கவே வேண்டாம், நாமே போய் எடுத்தால் என்ன? இது அவள் கேட்டது. கேட்ட விதமே எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நடைமுறையில், ஓடுகிற கல்குவாரிக்குள் வெடி வைக்கும் நேரம் தெரியாமல், உரிமையாளர் அனுமதி இல்லாமல் நுழைவது உயிரோடு விளையாடுவது. போரிவலி தேசியப் பூங்கா, கான்ஹேரிக் குகைகள், சஹ்யாத்ரியின் கோட்டைகள் எங்கேயும் ஒரு சில்லுகூடப் பெயர்க்கக் கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள். மழைக்குப் பிறகு சாலைக்காக வெட்டிய சரிவின் அடியில் உதிர்ந்து கிடப்பதைக் குனிந்து எடுப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான வழி. அப்படிக் கிடைத்த வெண்ணிற ஸ்டில்பைட் சில்லு ஒன்று, சுண்டு விரல் நகத்தளவு, இன்றும் என்னிடம் இருக்கிறது. பத்துப் பயணத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மிச்சம் இருப்பது நம் காலடிக் கல். நான் இதற்காகத்தான் வாதாடினேன் என்பதை மறைக்கவில்லை.

மும்பையும் அதைச் சுற்றிய மகாராஷ்டிராவும் பெரும்பாலும் பசால்ட் என்னும் கறுப்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து, இறுகிப்போனது. இன்று மிஞ்சியிருப்பது மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். குழம்பு இறுகும்போது வாயுக் குமிழிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன, தோசையில் துளை விழுவது போல. பின்னர் சூடான நிலத்தடி நீர் பாறைக்குள் ஊறி, அதிலிருந்த சிலிக்கா, கால்சியம், அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்துக் கொண்டுபோய் அந்தப் பொந்துகளில் படிய வைத்தது. மெதுவாக, இடம் தாராளமாக இருந்ததால், படிகங்கள் தங்கள் முழு வடிவத்தில் வளர்ந்தன. இப்படிப் பொந்துகளில் வளர்ந்தவற்றில், உள்ளே நீர் அடைபட்ட ஒரு கனிமக் குடும்பத்துக்கு ஜியோலைட் என்று பெயர். உலகம் முழுவதும் அருங்காட்சியகங்களில் ஜியோலைட் வரிசை என்றால் அதில் ஜல்கான், நாசிக், புனே என்ற பெயர்கள் இருக்கும். ஜியோலைட் என்ற பெயரைச் சுவீடனின் குரோன்ஸ்டெட் 1756இல் வைத்தார். சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து நுரைப்பதால் 'கொதிக்கும் கல்' என்று கிரேக்கத்தில் பொருள்படும் பெயர்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே போகிற மத்திய ரயில் பாதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அவளிடம் சொன்னபோது நம்பவில்லை. இதே பாதை கர்ஜத் தாண்டி போர் கணவாயில் ஏறுகிறது. அந்த மலைப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. அதற்காகப் பாறையை வெட்டியபோதுதான் இந்தப் பக்கத்து அப்போஃபிலைட்டும் ஸ்டில்பைட்டும் பெருமளவில் வெளியே வந்து சேகரிப்பாளர்கள் கண்ணில் பட்டன. இன்றும் படிகங்கள் கிடைப்பது கிணறு வெட்டும்போதும், ஜல்லிக்காகக் குவாரி உடைக்கும்போதும்தான். பொந்து கண்ணில் பட்டு, தொழிலாளி உளியால் பக்குவமாகப் பெயர்த்து எடுத்தால் அது ஸ்பெசிமன், சேகரிப்பில் வைக்கத் தகுந்த கல். இல்லாவிட்டால் அடுத்த லாரியில் ஜல்லி. இந்த ஒரு காரணத்துக்காகவே, இங்கே வாங்கும் ஒவ்வொரு கல்லையும் காப்பாற்றப்பட்ட கல்லாகத்தான் நான் பார்க்கிறேன்.

நிறம் குறைவு என்றாள். அப்போதுதான் என் அலமாரியைத் திறந்தேன். ஸ்டில்பைட் கனகாம்பர நிறம். அதன் வடிவத்தை ஆங்கிலேயர்கள் கோதுமைக் கட்டு என்பார்கள், எனக்கு அது நடவுக்கு முன் நடுவில் இறுக்கிக் கட்டிய நாற்றுமுடி. இரண்டு பக்கமும் விரிந்து இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஸ்கொலசைட் வெள்ளை ஊசிகள், ஒரு புள்ளியிலிருந்து விசிறியாகச் சிதறியவை. காவன்சைட் சங்குப்பூ நீலம். கால்சியம், வனேடியம், சிலிகேட் மூன்றின் முதல் எழுத்துகளைக் கோத்து அதற்குப் பெயர் வைத்தார்கள். 1960களில் அமெரிக்காவின் ஓரகனில் முதலில் கண்டெடுத்தார்கள் என்றாலும், புனேயை ஒட்டிய வாகோலி குவாரியில்தான் அது உலகத்திலேயே சிறப்பாகக் கிடைத்தது. ஓகனைட் இலவம்பஞ்சு உருண்டை. தொட்டால் போச்சு. மயிரிழை ஊசிகள் படிந்து ஒட்டிக்கொள்ளும், மறுபடி நிமிராது. அவளுக்குப் பத்து வயதில் ஒரு முறை விரலால் வருடிய தடம் இன்னும் ஒரு உருண்டையில் இருக்கிறது. காட்டினேன். முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாக அப்போஃபிலைட்டை எடுத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை அவள் கையில் கொடுத்தேன். ஜல்கான் பக்கத்துக் கல், நெல்லிக்காய் அளவு, நிறமே இல்லாமல் கற்கண்டு மாதிரி. "பக்கவாட்டைப் பாரு" என்றேன். கண்ணாடிப் பளபளப்பு, நெடுக்காகக் கோடுகள். "இப்ப மேல் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பு." திருப்பினாள். அந்த ஒரு முகத்தில் மட்டும் முத்துப்போல ஒரு பால் வெளிச்சம் உள்ளிருந்து எழுந்து வந்தது. படிகம் அந்தத் திசையில் ஏடு ஏடாகப் பிளக்கக் கூடியது, அந்த ஏடுகளுக்கு இடையில் ஒளி எதிரொளிப்பதால் வரும் வெளிச்சம் அது. இந்தக் கல்லுக்குப் பழைய பெயர் 'மீன்கண் கல்'. மீனாட்சி என்ற பெயருக்கும் அதே பொருள்தானே. ஊருக்குப் போனால் மதுரையில் இறங்காமல் வராத குடும்பம் எங்களுடையது. அவள் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. இதன் பச்சை வகையும் உண்டு, வெள்ளரிப் பிஞ்சுப் பச்சை, அந்த நிறம் வனேடியத்தால் வருவது. விலை வெள்ளையைவிடப் பல மடங்கு.

வீட்டுக் காற்று விஷயத்திலும் இவை தேறிவிட்டன. மழைக்கால ஈரம் இவற்றை ஒன்றும் செய்வதில்லை, ஏற்கெனவே நீர் உள்ள கற்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு, லோமொன்டைட். உலர்ந்த காற்றில் உள்ளிருக்கும் நீரை இழந்து பொடியாக உதிரும். ஏசி ஓடும் அறையில் வைக்கக் கூடாது. எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதையும் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது, ஜியோலைட்டுகள் அமிலத்தில் கெட்டுவிடும். சாதாரண நீரும் மெல்லிய தூரிகையும் போதும், ஓகனைட்டுக்கு அதுவும் கூடாது. தண்டவாளத்தை ஒட்டிய வீடாக இருந்தால் இன்னொன்று: ரயில் அதிர்வில் கல் தட்டின் மேல் மெல்ல மெல்ல நகரும். என்னுடைய ஹியூலண்டைட் என்ற இன்னொரு ஜியோலைட் அப்படித்தான் விளிம்புக்கு வந்து, ஒருநாள் காலையில் தரையில் கிடந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டும் மெழுகுக் களிமண் கொஞ்சம் வைக்கிறேன்.

காங்கேயம் பக்கத்துப் படியூரில் அக்வாமரீன் என்னும் கடல்நீலக் கல் வெட்டியிருக்கிறார்கள், ஊர்க்கல் என்று அதை ஏன் வாங்கக் கூடாது என்று அப்பா இடையில் கேட்டார். ஆசைதான். ஆனால் சந்தைக்கு வரும் நல்ல படிகம் பட்டை தீட்டப் போய்விடும், இயல்பான வடிவத்தில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் 5,000 தாங்காது.

பிறகு அளவு. ஒரு பெரிய கல்லா, பத்துச் சின்னதா? பத்து வாங்கினால் பத்தும் சுமாராக இருக்கும். பெரியது ஒன்று வாங்கினால், இந்தப் பணத்துக்கு நுனி உடைந்ததுதான் கிடைக்கும். நுனியில் ஒரு சிறு சில்லு போயிருந்தாலும் விலை சரியும், சரிய வேண்டும். 3 முதல் 5 சென்டிமீட்டர் அளவில் மூன்று, ஒவ்வொன்றும் முழுசாக, கறுப்புப் பாறை கொஞ்சம் ஒட்டிய நிலையில். அந்தப் பாறை கட்டாயம் வேண்டும், அதுதான் படிகம் எங்கே பிறந்தது என்பதற்குச் சாட்சி. பாறையும் படிகமும் சேரும் இடத்தை லென்ஸில் பார்க்க வேண்டும். பசை மினுக்கினால் வேண்டாம். காவன்சைட் உருண்டையை ஸ்டில்பைட் மேல் ஒட்டி விற்பது நடக்கிறது. இணையத்தில் வாங்கினால் பகல் வெளிச்சத்தில், கையில் வைத்துத் திருப்பிக் காட்டும் வீடியோ கேட்டு வாங்குங்கள். நிறம் ஏற்றிய படத்தை நம்ப வேண்டாம்.

ஊர்ப் பெயரை எழுதி வாங்காத கல்லுக்கு நான் பாதி விலைகூடத் தர மாட்டேன். 'இந்தியா' என்று எழுதியிருந்தால் போதாது. மாவட்டமாவது வேண்டும், குவாரி பெயர் இருந்தால் இன்னும் நல்லது. காந்திவலி குவாரி என்று பழைய சீட்டோடு வரும் ப்ரெனைட், கைரோலைட் ஆகிய கனிமங்களுக்குச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள். அந்த வட்டாரம் முழுக்க இப்போது குடியிருப்பு. அந்த இடம் மிஞ்சியிருப்பது சீட்டில் மட்டும்தான்.

வாங்குவதற்கு முன் நாசிக் போய், அங்கிருந்து 30 கிலோமீட்டர் தூரத்தில் சின்னரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்தை அவளுக்குக் காட்டினேன். கடற்படையில் இருந்த கே.சி. பாண்டே சேகரித்து உருவாக்கியது. நல்ல கல் எப்படி இருக்கும் என்று கண் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. முழு நாளும் அவள் பேசியது குறைவு.

கடைசியில் மூன்று வாங்கினாள். 1,800 ரூபாய்க்குப் பாறையோடு சேர்ந்த அப்போஃபிலைட், 1,200க்குக் கனகாம்பர ஸ்டில்பைட், 700க்கு விசிறி ஸ்கொலசைட். ஒரு லென்ஸும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களும் வாங்கிய பின் மீதி 600 கையில். காவன்சைட்டுக்காக வைத்திருக்கிறாளாம், அடுத்த தீபாவளிவரை பொறுத்துக்கொள்கிறேன் என்றாள். மூன்று சீட்டுகளையும் என் மேசையில் உட்கார்ந்து தமிழில் எழுதினாள்: கனிமத்தின் பெயர், ஊர், வாங்கிய தேதி. ஸ்கொலசைட்டுக்கு நாசிக் மாவட்டம் என்பதற்கு மேல் விற்றவருக்குத் தெரியவில்லை. எந்தக் குவாரி என்று விசாரித்துச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டில் ஒரு வரிக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறாள்.